கும்பிட்டுவிட்டுக் கை கழுவுங்கள்

போன மாதம் ஒரு பரீட்சையில் பாஸாகிவிட்டேன். இந்த வயதில்!

என்ன பரீட்சை என்று கேட்காதீர்கள்... சரி, கேளுங்கள். ஒரு பிளாஸ்டிக் பையை ஒரு குழாயோடு இணைத்து மாட்டும் பரீட்சை. கிள்ளானில் ஓர் ஆஸ்பத்திரியின் மாடி அறையில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, இடுப்பில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, கையால் மட்டும் செய்துகாட்ட வேண்டிய பரீட்சை. முதல் தடவையிலேயே பாஸ்.

கூடவே உட்கார்ந்த என் அண்ணி ஃபெயில். மறுநாளும் ஃபெயில். அதற்கு அடுத்த நாளும்.

இதில் விஷயம் என்னவென்றால், பாஸாக வேண்டியது நான் இல்லை. அண்ணிதான்.

முதலில் என் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தனபாலன். துறைமுகத்துக்கு லோரி ஓட்டியவர். ஒவ்வொரு ஞாயிறும் இந்தப் பத்தி வெளிவந்ததும் முதல் போன் அவரிடமிருந்துதான் வரும். பாராட்ட அல்ல. “என்னா லா, இந்த வாரம் ஒரே இழுவையா இருக்கு?” என்று கேட்க. சர்க்கரை வியாதியில் அவருக்குக் கண் மங்கிய பிறகு அந்த போன் நின்றுவிட்டது. அண்ணி புஷ்பா என் எழுத்தை வாசித்ததே இல்லை. “பொடிப் பொடியா இருக்கு, யாரு உக்காந்து படிக்கிறது?” என்பார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பேப்பர் மட்டும் அந்த வீட்டில் விழுந்துகொண்டிருந்தது. பழக்கதோஷம்.

கண்ணோடு நிற்காமல் சர்க்கரை அண்ணனின் சிறுநீரகத்துக்கும் வந்துவிட்டது. ரத்தத்தை வெளியே எடுத்து மெஷினில் சுத்தம் செய்யும் வழியைத்தான் முதலில் முயன்றார்கள். அதற்குக் கையில் ரத்தக்குழாயைத் தயார் செய்ய வேண்டுமாம். இரண்டு கையிலும் செய்து பார்த்தார்கள், இரண்டிலும் சரிப்படவில்லை. மிச்சம் இருந்தது வயிற்று வழி.

அது என்ன வழி? வயிற்றில் ஒரு மெல்லிய குழாயை நிரந்தரமாகப் பொருத்திவிடுகிறார்கள். அதன் வழியாக ஒரு பை நிறைய மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். அது சில மணி நேரம் உள்ளே இருந்து உடம்பின் அழுக்கை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வெளியே எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர். நாளுக்கு நான்கு வேளை. மெஷின் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம்.

ஒரே ஒரு நிபந்தனை. பையையும் வயிற்றுக் குழாயையும் இணைக்கிற அந்த ஒரு கணத்தில் கை படு சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு கிருமி உள்ளே போனால் வயிறு முழுக்கச் சீழ். ஆள் பிழைப்பதே கஷ்டம்.

கண் தெரியாத அண்ணனால் இதைச் செய்துகொள்ள முடியாது. மகள் ஜொகூரில் வேலையில் இருக்கிறாள். ஆக, அண்ணிதான் கற்றுக்கொள்ள வேண்டும். நான் துணைக்கு. அண்ணி பரீட்சையில் பாஸானால் அண்ணன் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் வார்டிலேயே கிடக்க வேண்டும். அவரோ ஆஸ்பத்திரிச் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். “வூட்டுக்குப் போனாதான் எனக்குச் சோறு எறங்கும்” என்று ஒரே பாட்டு. ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

பாடம் நடத்தியவர் ரொஹானி. ஆஸ்பத்திரியில் நர்ஸ்களை நாம் மிஸ்ஸி என்போமே... அந்த மிஸ்ஸி. நடுத்தர வயது மலாய்ப் பெண். தவறு செய்தால் திட்டமாட்டார், முகம் சுளிக்கமாட்டார். ஒரே ஒரு சொல்தான் வரும்: “உலாங்.” மறுபடியும் என்று அர்த்தம். முதலிலிருந்து. ஃபேனை அணைப்பதிலிருந்து, ஜன்னலைச் சாத்துவதிலிருந்து, மேசையைத் துடைப்பதிலிருந்து, கை கழுவுவதிலிருந்து.

பழகுவதற்கு நிஜ வயிறு கிடையாது. ஏப்ரனில் ஒரு பொய்க் குழாய் தொங்கும். அதைக் கட்டிக்கொண்டு அதில்தான் மாட்டிப் பழக வேண்டும்.

எங்களோடு இன்னொரு மாணவர் இருந்தார். அங்கிள் டான். காப்பார் பக்கம் மோட்டார் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர். தன் வயிற்றுக்குத் தானே செய்துகொள்ளப் போகிறவர். மிஸ்ஸி விளக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாகக் கார் பார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘இவர் தேறமாட்டார்’ என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன். விளக்கம் முடிந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்தக் குழாயை மூட்டு மூட்டாகக் கழற்றி மேசையில் பரப்பியதுதான். திருப்பித் திருப்பிப் பார்த்தார். திரும்ப மாட்டினார். பிறகு மலாயும் ஆங்கிலமும் கலந்து எனக்கே வகுப்பு எடுத்தார் — இது ஒன்றுமில்லை, பிரேக் ஆயில் மாற்றுகிற வேலைதான், காற்றும் போகக்கூடாது, தூசியும் போகக்கூடாது, அவ்வளவுதான் என்று. அன்றைக்கே கை தேறிவிட்டார்.

நான் எப்படிப் படித்தேன்? என் வழக்கப்படிதான். வகுப்புக்கு முன்பே ஆஸ்பத்திரி தந்த தாளிலிருந்து எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொரு படிக்கும் முதல் எழுத்தை எடுத்து, ஒரு அர்த்தமில்லாத வாக்கியமாக்கி, பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை கொமுட்டர் ரயிலில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த பெண், நான் ஏதோ சாமிக்கு நேர்ந்துகொண்டு மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். காலை மடக்கி இடம் விட்டாள்.

சில மாதங்களுக்கு முன்னால் ஒரு தோழி வாட்ஸாப்பில் வினாவிடை ஒன்று அனுப்பியிருந்தாள். ‘உங்கள் கற்றல் பாணி என்ன?’ கண்ணால் கற்பவரா, காதால் கற்பவரா, கையால் கற்பவரா? நான் பதில்களைத் தட்ட, ‘வாழ்த்துகள்! நீங்கள் கண்ணால் கற்பவர்’ என்று வண்ணக் காகிதமெல்லாம் தூவியது. அட, சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அங்கிள் டான் கை. நான் கண். வேலை முடிந்தது.

அண்ணி?

அண்ணிக்கு எந்தப் பெட்டி என்று எனக்குப் புரியவில்லை.

சுத்தத்தைப் பற்றி அண்ணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். அவர் வீட்டுக் கழிவறையில் உட்கார்ந்து சோறு சாப்பிடலாம். ஃபேனை அணைத்தார், ஜன்னலைச் சாத்தினார், மேசையைத் துடைத்தார், விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாகக் கை கழுவினார். மிஸ்ஸியே தலையாட்டினார். மேலுறையைப் பிரித்துப் பையை வெளியே எடுத்தார். எல்லாம் சரி.

அடுத்து, இரண்டு கையாலும் அந்தப் பையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“உலாங்.”

முதலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நமக்கெல்லாம் இருக்கிற பழக்கம்தானே? புது லோரியின் சாவி, மகளின் முதல் சம்பளம், கோயில் துளசி, கால் பட்ட புத்தகம்... எதை எடுத்தாலும் ஒரு ஒற்று. ஆனால் கை கழுவிய பிறகு பையும் கையும் நெற்றியிலும் இமையிலும் பட்டால், கழுவியது பாழ். மிஸ்ஸி தன் முகத்தைத் தொட்டுக் காட்டி, முகத்தில் படக்கூடாது என்றார்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். “நான் எங்க மொகத்தத் தொட்டேன்?”

“தொட்டீங்க அண்ணி. கண்ணுல ஒத்துனீங்க.”

“போ லா! நானா?”

சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. மறுபடியும் ஆரம்பித்தார். ஃபேன், ஜன்னல், மேசை, கை. பையை எடுத்தார். ஒற்றினார். உலாங். மறுபடியும். உலாங். கடைசியில் மிஸ்ஸி தன் போனில் படம் பிடித்துப் போட்டுக் காட்டினார். அண்ணி அந்தச் சின்னத் திரையில் தன்னையே பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்ணை மூடிக்கொண்டு, பையை இமையில் ஒற்றுகிற ஒரு பெண்.

“ஆத்தாடி... நாந்தானா அது?”

சரி, தெரிந்துவிட்டது, இனிமேல் செய்யமாட்டார் — அப்படித்தானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தெரிந்ததும்தான் நிலைமை மோசமானது. பை கைக்கு வந்ததும் ‘ஒற்றக்கூடாது, ஒற்றக்கூடாது’ என்று அண்ணியின் உடம்பே விறைத்துக்கொண்டது. இதுவரை சரியாகச் செய்த படிகள் மறந்தன. கிளிப்பைத் திறக்காமல் விட்டார். மூடியைக் கீழே போட்டார். இத்தனைக்கும் நடுவில் ஒற்றலும் நடந்துவிடும்... பாதி ஒற்றல், திருட்டு ஒற்றல்.

நான் சும்மா இருப்பேனா? ஆலோசனை மேல் ஆலோசனை. விரலில் ஒரு சிவப்பு நூல் கட்டிக்கொள்ளுங்கள் அண்ணி, பார்த்ததும் ஞாபகம் வரும் என்றேன். நூலில்தான் கிருமி ஒட்டும் என்று மிஸ்ஸி அதை அவிழ்க்கச் சொல்லிவிட்டார். என் மந்திர வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அண்ணி அதைத் தப்பில்லாமல் ஒப்பித்தார். ஒப்பித்துக்கொண்டே ஒற்றினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி பாலில்லாத தே ஓ வாங்கினார், குடிக்கவில்லை. கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“வசந்தி, நீ பாஸாயிட்ட. நீயே எங்க வூட்டுல வந்து இருந்துக்க.”

“நாலு வேளையும் நான் எப்படி அண்ணி...”

“தெரியும். சும்மா சொன்னேன்.” கிளாஸைத் தள்ளி வைத்தார். “அவரு வூட்டுக்கு வர முடியலன்னா அது என்னாலதானே? இந்தப் பாழாப்போன கையாலதானே?”

“ஒரே ஒரு தடவை ஒத்தாம இருந்தாப் போதும் அண்ணி. பழகிடும். அது வெறும் தண்ணிப் பைதானே.”

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் ஏதோ புரியாத பாஷையில் பேசியதைப் போல ஒரு பார்வை.

“ஒனக்கு அது தண்ணிப் பை. எனக்கு அது அவரு உசுரு வசந்தி. உசுரக் கையில வாங்கிட்டு, ஒண்ணும் சொல்லாம, சும்மா எடுத்து ஆணியில மாட்டிட்டுப் போக முடியுமா?”

நான் ஏன் முதல் தடவையிலேயே பாஸானேன் என்று அப்போதுதான் உறைத்தது. நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை. அது எனக்கு வெறும் பையாக இருந்ததால். என் தேநீரையும் நான் குடிக்கவில்லை.

பக்கத்து மேசையில் மிஸ்ஸி ரொஹானி சாப்பிட்டுக்கொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் அண்ணி பேசும்போது அண்ணியின் கை என்ன செய்தது என்று பார்த்திருக்கிறார். காலியான இரண்டு கையையும் ஏந்திக் கண்ணுக்குக் கொண்டுபோயிருந்தார் அண்ணி.

சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பில் மிஸ்ஸி ஏப்ரனைக் கட்டச் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அண்ணிக்கு எதிரே உட்கார்ந்தார்.

“ஆன்டி, அது என்ன? கண்ணில் வைக்கிறீர்களே... எதற்காக?”

மூன்று நாளில் யாருமே கேட்காத கேள்வி. ‘செய்யாதே’ என்று சொன்னோம். ‘ஏன் செய்கிறாய்’ என்று நாத்தனார் நானும் கேட்கவில்லை.

அண்ணி சந்தையில் பழகிய தன் பாசார் மலாயில் தட்டுத் தடுமாறி விளக்கினார். பெரிய பொருள் எதையும் அப்படித்தான் வாங்க வேண்டும், அது ஹோர்மாட், மரியாதை. வாங்கி அப்படி வைத்தால்தான் அது நம்மிடம் நல்லபடியாக இருக்கும். அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு இன்னொரு சொல்லும் சேர்த்தார். சாயாங். அதற்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும், அன்பு.

மிஸ்ஸி தன் தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, தான் தொழப்போகும் கதையைச் சொன்னார். மலாயில் அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

“நான் தொழறதுக்கு முன்னால தண்ணி எடுத்துக் கை, மூஞ்சி, கால் எல்லாம் கழுவுவேன். கழுவிட்டா அந்தச் சுத்தத்தோடதான் போய் நிக்கணும். நடுவுல அது முறிஞ்சா, எவ்வளவு அவசரமா இருந்தாலும் திரும்பப் போய்க் கழுவணும். அதனால நான் என்ன செய்வேன் தெரியுமா? போன் பேச வேண்டியது, புள்ளைய அதட்ட வேண்டியது, எல்லாத்தையும் முன்னாலயே முடிச்சிடுவேன். ஆன்டியும் அப்படிச் செய்யுங்க. உங்க மரியாதைய விட வேணாம். முன்னாலயே செஞ்சிடுங்க. மேலுறை பிரிக்காத பையை எடுத்து, எவ்வளவு நேரம் வேணுமோ கண்ணுல வெச்சுக்குங்க. அப்புறம் கை கழுவுங்க. கழுவிட்டீங்கன்னா அந்தக் கை உங்க கை இல்ல. அது அங்கிளோட வயித்துக்குப் போற கை.”

அண்ணி கேட்டார்: “மொதல்ல கும்பிட்டுக்கலாமா மிஸ்ஸி?”

“பொலே.” செய்யலாம்.

அவ்வளவுதான் பாடம்.

அண்ணி எழுந்தார். அட்டைப் பெட்டியிலிருந்து ஒரு பையை மேலுறையோடு எடுத்தார். இரண்டு கையிலும் ஏந்தி, கண்ணை மூடி, இமையில் வைத்தார். இந்தத் தடவை திருட்டு ஒற்றல் இல்லை. உதடு அசைந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மூலையில் தன் குழாயை மாட்டிப் பழகிக்கொண்டிருந்த அங்கிள் டான்கூடக் கையை நிறுத்திவிட்டார். மிஸ்ஸி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இந்த அவசர ஊரில் யாரோ ஒருவருக்காக மூன்று பேர் இப்படிப் பேசாமல் காத்து நின்றதை நான் சமீபத்தில் பார்த்ததே இல்லை.

அண்ணி பையை மேசையில் வைத்தார். முகக்கவசம் போட்டார். ஃபேன். ஜன்னல். மேசை. கை... விரல் விரலாக.

மேலுறையைப் பிரித்தார். பை கையில் வந்தது.

கை மேலே எழும்பியது. நெஞ்சு வரை வந்தது. அங்கே ஒரு கணம் நின்றது. அண்ணியின் முகத்தைப் பார்த்தேன் — விறைப்பு இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்ட முகம். பை கீழே இறங்கியது. மேசையில் உட்கார்ந்தது. மூடி கழன்றது, குழாய் இணைந்தது, கிளிப் திறந்தது. பை கொக்கியில் ஏறித் தொங்கியது.

உலாங் வரவில்லை.

மிஸ்ஸி ரொஹானி கை தட்டினார்.

எத்தனை வகுப்பறைகளில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனை பயிலரங்குகளில் பேட்ஜ் குத்திக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கிறேன்! அனுபவக் கல்வி, தனிமனிதக் கற்றல் பாணி என்றெல்லாம் ஸ்லைடு போட்டுக் காட்டுவார்கள். நானும் தலையாட்டுவேன். அது என்ன என்று கண்ணால் பார்த்தது கிள்ளான் ஆஸ்பத்திரி மாடியில், பிளாஸ்டிக் நாற்காலியில்தான். ஒருவருடைய பழக்கத்தைப் பிடுங்கி எறிய எல்லாருக்கும் தெரியும். அதை வேரோடு எடுத்து, வேறு இடத்தில் நட்டு, அங்கே தழைக்க வைக்க எத்தனை பேருக்குத் தெரியும்? அதுவும் வேறு மொழி பேசுகிற, வேறு சாமி கும்பிடுகிற ஒருத்தி, தன் தொழுகையிலிருந்து ஒரு துண்டை எடுத்து இன்னொருத்தியின் கும்பிடுதலுக்குப் பொருத்தினாள் பாருங்கள்... நினைக்க நினைக்க எனக்கு ஆறவே இல்லை.

கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர். கண்ணில் ஒற்றிக் கற்பவர் என்று ஒரு பெட்டி அந்த வினாவிடையில் இல்லை.

மறுநாள் இறுதிப் பரீட்சை. இந்தத் தடவை ஏப்ரன் கிடையாது, அண்ணனின் வயிறு. கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணன் குரலை வைத்தே யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டார்.

“புஷ்பா, நான் லோரிக்கு ஆயில் மாத்துறப்ப மூக்கப் பொத்திக்கிட்டு எட்ட நின்னவதானே நீ? இப்பக் கிட்ட வா.”

“பேசாதீங்க. நான் கும்பிடணும்.”

கும்பிட்டார். கழுவினார். மாட்டினார். ஒரு சொட்டுப் பிசகு இல்லை. டாக்டர் அண்ணனின் தோளைத் தட்டி, வீட்டுக்குப் போகலாம் என்றார். அண்ணன் சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அண்ணி மட்டும் சிரிக்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு முகக்கவசத்தாலேயே கண்ணைத் துடைத்தார். அந்தக் கவசம் குப்பைக்குப் போயிற்று.

“இப்போ துணை ஆள்” என்று மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டார். நான்தான் ஏற்கெனவே பாஸான ஆளாயிற்றே? தெம்பாகப் போனேன். அண்ணனின் வயிற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நிஜக் குழாயைப் பார்த்தேன்... என் மந்திர வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட ஞாபகத்தில் இல்லை. சின்ன வயதில் என்னைத் தூக்கி உட்கார வைத்து ஆட்டிய வயிறு அது. மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு சிலையாக நின்றேன்.

“உலாங்” என்றார் மிஸ்ஸி, அன்பாக. நான் தேற இன்னும் இரண்டு நாள் பிடித்தது.

கிளம்பும்போது மிஸ்ஸி அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். பிறகு விசாரித்தேன். அடுத்த வாரம் ஒரு தமிழ்க் குடும்பம் பயிற்சிக்கு வருகிறதாம். அந்த ‘முதல் வேலை’க்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டாராம். “கும்பிடு” என்று அண்ணி சொல்லிக்கொடுத்திருக்கிறார். மிஸ்ஸிக்கு ‘ம்பி’ வரவில்லை. உலாங், உலாங் என்று அண்ணி விடாமல் சொல்ல வைத்தாராம்!

போன ஞாயிறு கிள்ளானுக்குப் போயிருந்தேன். தாமான் குடியிருப்பு வீட்டின் நடு அறை. ஜன்னல் சாத்தி, ஃபேன் அணைத்து, கிள்ளான் வெயில் உள்ளேயே குடியிருந்தது. அண்ணன் கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். சோறு இறங்குகிறது.

“கும்பிட்டாச்சா?” என்று நாற்காலியிலிருந்து கேட்டார்.

“ஆச்சு.”

“அப்பக் கை கழுவு.”

ஒவ்வொரு வேளையும் இந்தக் கேள்வி-பதில் நடக்கிறதாம். ஒருநாள் அவசரத்தில் அண்ணி நேராகக் குழாயடிக்குப் போய்விட, காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்து, “பெட்டிகிட்ட நீ நிக்கவே இல்லயே, மொதல்ல அதச் செய்யி” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார் மனுஷன்.

பழைய தண்ணீர் வெளியே வந்து ஒரு காலிப் பையில் நிறைந்தது. அண்ணி அதை எடுத்து மேசைக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு பேப்பர் விரித்திருந்தது. அதன்மேல் பையைப் படுக்க வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

இதுவும் மிஸ்ஸி சொல்லிக்கொடுத்ததுதான். அச்சடித்த எழுத்தின் மேல் பையை வைக்க வேண்டும். தண்ணீர் வழியாக எழுத்து தெளிவாகத் தெரிந்தால் வயிறு நலம். எழுத்து மங்கலாக, புகை மூடியதைப் போலத் தெரிந்தால் கிருமி புகுந்துவிட்டது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எட்டிப் பார்த்தேன். பைக்கு அடியில்... என் படம். என் பத்தி!

“அண்ணி! இது என் பக்கம்!”

“ஆமா. ஒன் பக்கத்துலதான் எழுத்து பொடிப் பொடியா இருக்கு. தலைப்புச் செய்தி எழுத்து எதுக்கு லா? அது கலங்குன தண்ணியிலயும் தெரியும். இது தெரிஞ்சாதான் நெசமாவே தெளிவு.”

அப்புறம் அண்ணி விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ஒரு வாக்கியத்தைச் சத்தமாக வாசித்தார். வாசித்தால்தான் அண்ணனுக்குத் திருப்தியாம், தெளிவாக இருக்கிறது என்று வெறுமனே சொன்னால் நம்பமாட்டாராம். ஆக, என் பத்தி அந்த வீட்டில் மறுபடியும் படிக்கப்படுகிறது. வேளைக்கு ஒரு வாக்கியமாக. முழுதாக முடிவதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும்.

நாற்காலியிலிருந்து அண்ணன் சொன்னார்: “என்னா லா, இந்த வாரமும் இழுவதான்.”

எத்தனை மாதத்துக்குப் பிறகு! சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இத்தனை வருஷமாக எழுதுகிறேன். பாராட்டு வந்திருக்கிறது, திட்டும் வந்திருக்கிறது. ஆனால் என் எழுத்து ஒருவருக்குத் தெரிகிறதா, இல்லையா என்பதில் ஓர் உயிர் இருந்ததில்லை. ஆகையால் இந்த வாரம் அலங்காரமெல்லாம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆசிரியரிடமும், தயவுசெய்து எழுத்தைப் பெரிதாக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் இதை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கிள்ளானில் ஒரு நடு அறையில், இதே பக்கம் ஒரு பைக்கு அடியில் விரிந்திருக்கும்.

அண்ணி, இந்த வரி தெரிகிறதா?